உதிரிப்பட்டிக்காரி

பூமயிலுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது, அவள் பிறந்த ஊரில் ஒருத்தியும் மாப்பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. "உதிரிப்பட்டிக்கா பொண்ணக் குடுக்குறீக?" என்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அபிராமம் சந்தைக்குப் போகிற சனங்களுக்கெல்லாம் கொம்பனேந்தல் தெரிந்த ஊர். அதன் தென்கோடியில், கண்மாய்க் கரைக்குக் கீழே, கொஞ்சம் வீடும் கொஞ்சம் வயலுமாகக் கிடக்கும் உதிரிப்பட்டியும் தெரியும். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட கூட்டம், அரண்மனைக்காரர்கள் நிலத்தைப் பங்கு பிரித்தபோது சிந்திப்போன துண்டில் குடியேறியவர்கள் என்பது சுற்றுவட்டாரத்தின் தீர்ப்பு. உதிரி என்றால் உதிரிதானே, இதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக் கிடக்கிறது?

கொம்பனேந்தலுக்கு அரண்மனை ஒன்றல்ல, மூன்று. உடனே யாரும் யானைக்கொட்டிலையும் கொடிமேடையையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜமீன் காலத்தில் வரி வசூலிக்கும் உரிமை வாங்கிய ஒருவருக்கு மூன்று மகன்கள். மூவருக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காது. ஆளுக்கொரு பெரிய வீடு கட்டி, ஆளுக்கொரு திசையைப் பார்த்து வாசல் வைத்துக்கொண்டார்கள். சுண்ணாம்புச் சுவரும் பர்மாத் தேக்குத் தூணும் போதாதா! சனங்கள் மேல அரமனை, நடு அரமனை, கீழ அரமனை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களும் கூச்சப்பட்டு வேண்டாம் என்று மறுத்துவிடவில்லை.

பூமயில் மருமகளாக வந்தபோது மேல அரண்மனையில் இன்னும் ஆள் இருந்தது. அங்கே நெல் அவிக்கப் போன முதல் நாளே வேலையை மறந்துவிட்டுத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கைக்குள் அடங்காத மரம்! கடல் தாண்டி இது எப்படி வந்திருக்கும், இறக்கி வைக்க எத்தனை மாடு பூட்டியிருப்பார்கள் என்று அவள் பாட்டுக்கு யோசித்ததில் அடுப்பில் நெல் அடிப்பிடித்துப்போனது. திட்டு கிடைத்தது. அவள் சுபாவமே அதுதான். எதைப் பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். நிறைந்த கண்மாயைப் பார்த்து நிற்பாள். வானத்தில் கூட்டமாகப் போகிற செங்கால் நாரையைப் பார்த்து நிற்பாள். "வாய மூடுடி, ஈ போயிறப்போகுது" என்று புருஷன் தங்கசாமி கேலி செய்யாத நாள் கிடையாது.

பின்னால் மேல அரண்மனை வாரிசுகள் கதவு ஜன்னலையெல்லாம் காரைக்குடிக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். தலைவாசல் கதவை லாரிக்குத் தூக்கிக் கொண்டுபோன பெண்களில் பூமயிலும் ஒருத்தி. கதவு போன வீட்டில் மழையும் ஆடும் கேட்காமல் நுழைந்தன. ஓடு சரிந்தது, சுவர் விழுந்தது, இன்றைக்கு அது கருவேலங்காடு. கீழ அரண்மனை பிழைத்துக்கொண்டது. கல்யாண மண்டபமாகி, ரோஸ் கலர் பெயிண்ட் பூசிக்கொண்டு, வாசலில் சீரியல் பல்போடு நிற்கிறது. உதிரிப்பட்டி ஆட்கள் முன்வாசல் மிதிக்கக் கூடாது என்றிருந்த அதே வீட்டின் நடுக்கூடத்தில்தான் பூமயிலின் மகள் கவிப்ரியாவுக்குத் தாலி ஏறியது. அன்றைக்கு முன்வாசல் வழியாக உள்ளே போன பூமயில், பந்தி பரிமாறுகிற அவசரத்திலும் மறுபடி வெளியே வந்து, இன்னொரு தடவை முன்வாசல் வழியாக உள்ளே போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சும்மாதான் என்றிருப்பாள்.

மீதி இருந்தது நடு அரண்மனை. அதன் வாரிசு தர்மராஜ் மதுரையில் இருந்தார். கொடை விழாவுக்கும் மடை திறப்புக்கும் மட்டும் காரில் வந்து போவார். பொல்லாத மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. விளைச்சலில் தமக்குரிய வாரப் பங்கைக் கூடுதலாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், குறைந்தால் முணுமுணுப்பதோடு சரி. உதிரிப்பட்டியின் வயலும் வீட்டடியும் அவர் குடும்பத்துப் பட்டாவில்தான் இருந்தன. தலைமுறை தலைமுறையாக உழுவது இவர்கள், பெயர் அவர்களுடையது.

உதிரிப்பட்டி ஆண்களுக்கு உழவைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. கொம்பனேந்தல் கண்மாய்க்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்குள் நிற்கும். அதுதான் குமிழிமடை. தூண்களுக்கு அடியில் ஒரு குழி, குழிக்குள் ஒரு துவாரம், துவாரத்தை அடைத்து ஒரு மரக்கட்டை. கட்டையை உருவினால் தண்ணீர் கரைக்கு அடியில் ஓடி வாய்க்காலுக்கு வந்துவிடும். மற்ற மடைகளுக்கெல்லாம் இரும்புத் திருகு வந்தாயிற்று. இதற்கு மட்டும் இன்னமும் ஆள் முங்கித்தான் உருவ வேண்டும். கட்டை வெளியே வந்த கணத்தில் தண்ணீர் பேய் மாதிரி உறிஞ்சும். கையோ காலோ அகப்பட்டால் அவ்வளவுதான். வேறு தெருக்காரர்கள் யாரும் அதில் இறங்குவதில்லை. தங்கசாமி தன் அய்யாவுக்குப் பிறகு வருஷா வருஷம் இறங்கினார். அவர் தலை மறைந்து மறுபடி தெரிகிற வரைக்கும் கரையில் நிற்கும் பூமயிலுக்கு மூச்சு ஓடாது.

போன சித்திரையில் தர்மராஜிடமிருந்து ஆள் வந்தது. சோலார் கம்பெனிக்கு நிலம் பேசியாகிவிட்டதாம். உதிரிப்பட்டியும் அதற்குள் வருகிறதாம். இந்த வருஷ வெள்ளாமையை எடுத்துக்கொண்டு, தை கழிந்ததும் காலி செய்துவிட வேண்டுமாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆளுக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பக்கம் என்றால் சுடுகாட்டை ஒட்டிய உவர்மண். புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

"போன்னா போக வேண்டியதுதான. நம்ம என்ன, இங்கன வந்து ஒட்டுன ஆளுகதான" என்றார் தங்கசாமி. அவர் அதைச் சொன்ன விதம்தான் பூமயிலைச் சுட்டது. கோபமே இல்லாமல், வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

"ஒட்டுனா, ஒட்டுன எடத்துல வேரு விட்டுருக்காதா?" என்றாள் பூமயில். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. மாமியாரைப் புதைத்த மண். இரண்டு பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய வேம்பு வாசலிலேயே நிற்கிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது?

வைகாசியில் கண்மாய் வற்றிக் கட்டாந்தரையானது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் குமிழிமடையைச் சுற்றி வண்டல் அள்ளச் சொன்னார்கள். பூமயிலின் மண்வெட்டி ஒரு தூணின் அடியில் கல்லில் மோதி நின்றது. கையால் மண்ணை வழித்தாள். முதலில் இரண்டு கை தெரிந்தது, கும்பிட்ட கை. பிறகு முகம். இடுப்பில் கயிறு சுற்றிய ஓர் ஆண். அவன் தலைக்குமேல் வளைவு வளைவாகக் கோடுகள். காலுக்குக் கீழே எழுத்துகள்.

பூமயில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தன் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் இதே தூணைத் தடவிக்கொண்டுதான் இறங்குகிறார். அத்தனை காலமும் இந்த முகம் சேற்றுக்குள் இருந்துகொண்டு அவரைப் பார்த்திருக்கிறது. கூட இருந்தவர்கள் யோசிக்கவேயில்லை. முனியசாமி என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் எலுமிச்சம்பழ மாலையும் ஏறிவிட்டன. மறுநாள் ஒருத்திக்குச் சாமியே வந்துவிட்டது!

விஷயம் மதுரைக்கு எட்டியது. தர்மராஜ் காரைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கி, கல்லை முன்னும் பின்னும் பார்த்தார். "முனியும் இல்ல, சனியும் இல்ல. இது எங்க முப்பாட்டனாரு. இந்தக் கண்மாய வெட்டுனவரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஊரும் சரி சரி என்று தலையாட்டியது. அரண்மனைக்காரரைத் தவிர வேறு யாருக்குக் கல்லில் உருவம் அடிப்பார்கள்?

எழுத்தைப் படித்து ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். அபிராமத்தில் சரித்திரப் பாடம் நடத்தும் சூஃபியா டீச்சருக்குப் பழைய கல்வெட்டு படிக்க வரும். அவரைக் கார் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். கண்மாய்க்குள் பந்தல், நாற்காலி, கல்யாண மண்டபத்திலிருந்து மைக்கு செட்டு. மைக்கு வேண்டாம் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தர்மராஜ் விடவில்லை. முப்பாட்டனார் பெருமை ஊருக்கே கேட்க வேண்டாமா?

டீச்சர் எழுத்தின்மேல் மைதா மாவைத் தடவி, துணியால் மெல்லத் துடைத்தார். பள்ளங்களில் மாவு தங்கி, எழுத்துகள் வெள்ளை வெள்ளையாக எழுந்துவந்தன. "எழுநூறு எண்ணூறு வருசமாச்சும் இருக்கும். எழுத்தப் பாத்தா அப்படித்தான் தெரியுது" என்றார். கூட்டம் நெருங்கியது. பூமயில் முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"குமிழி... திறக்க... முழுகிப் பட்டான்." டீச்சர் நிமிர்ந்தார். "பட்டான்னா செத்துப்போனான்னு அர்த்தம். குமிழி தொறக்க முங்கி, செத்துருக்காரு."

தர்மராஜ் நாற்காலி நுனிக்கு வந்தார். "எங்க முப்பாட்டனாரா? அவரு எதுக்குங்க முங்குறாரு?"

"பேரு போட்டுருக்குங்க. சாத்தன் மகன் தூம்பன். அரமனை பேரு எதுவும் இதுல இல்ல. அப்ப அரமனையே இருந்திருக்காது. குடுத்தவக யாருன்னு பாத்தா, ஊரோம்னு இருக்கு. ஊர்க்காரவக எல்லாருமாச் சேந்து குடுத்திருக்காக."

"என்னத்தக் குடுத்தாக?" என்றாள் பூமயில்.

டீச்சர் மறுபடி குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டார். "உ... தி... ர... ப்பட்டியாக, ஊரோம் குடுத்த நிலம்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உதிரிப்பட்டின்னு அப்பவே எழுதிட்டாகளா!"

"உதிரி இல்ல" என்றார் டீச்சர். "உதிரம். ரத்தம். ஊருக்காக உசுர விட்டவரோட பிள்ளைகளுக்கு விடுற நிலத்துக்கு உதிரப்பட்டின்னு பேரு. நான் படிச்சிருக்கேன். ஆனா அந்தப் பேருல இன்னமும் ஆளு குடியிருக்கிற எடத்த இப்பத்தான் பாக்குறேன்." பிறகு ஆச்சரியம் தாங்காமல் வாய்க்குள்ளேயே "சுப்ஹானல்லாஹ்" என்றார். அதுவும் மைக்கில் ஊர் முழுக்கக் கேட்டது.

சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். ஒரு எழுத்து நாக்கில் புரண்டுபோனதில் எத்தனை தலைமுறை தலைகுனிந்து நடந்திருக்கிறது! சம்பந்தம் பேசப் போன இடத்தில் சிரிப்பு, சந்தையில் கேலி, முன்வாசல் கூடாது என்ற கட்டு. பூமயில் கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். தங்கசாமி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பிளந்திருந்தது. முதல் தடவையாக அவரும் அப்படி நின்றார்.

"டீச்சர், அந்தத் தூம்பனோட பொண்டாட்டி பேரு போட்டுருக்கா?" என்று கேட்டாள் பூமயில்.

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இல்லக்கா. கடைசி வரி 'இவன் மக்களுக்கு'ன்னு ஆரம்பிக்குது. அதுக்கு மேல கல்லு பொரிஞ்சு பேந்துபோச்சு. ஒன்னும் தெரியல."

கரையில் நின்று தலை மறுபடி தெரியாதா என்று பார்த்திருந்தவள் ஒருத்தி அன்றைக்கும் இருந்திருப்பாள்.

தர்மராஜ் அன்று சாப்பிடாமலே மதுரைக்குத் திரும்பினார். விலைபேச்சு நின்றதாகத் தெரியவில்லை. டீச்சர் போகும்போது பூமயிலிடம் ஒளிக்காமல் சொன்னார்: "இந்தக் கல்ல வச்சுப் பட்டா கேக்க முடியுமான்னு எனக்குத் தெரியாதுக்கா. கஷ்டம்னுதான் நெனைக்கிறேன்." ஊர்ப் பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். கல்லு கல்லுதான், பட்டா பட்டாதான். ஆவணியில் கம்பெனி ஆட்கள் வந்து உதிரப்பட்டி வயலைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஊன்றிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் கண்மாய் கரை தொட்டது. கல்லில் இருந்தவன் மறுபடி தண்ணீருக்கு அடியில் போனான். மார்கழியில் பயிர் வாடத் தொடங்கியதும் மடை திறக்க நாள் பார்த்தார்கள்.

"இந்த வருசம் நீங்க முங்க வேணாம்" என்றாள் பூமயில். "நம்மள வெளிய போகச் சொல்றவுக வயலுக்கு நம்ம எதுக்கு உசுரக் குடுக்கணும்?"

"பயிரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் தங்கசாமி. "ஊரு வயலு பூராம் காயுது. நான் போறேன். நீ வேணா வராத."

அவள் வராமல் இருப்பாளா?

மடை திறப்பில் ஒரு வழக்கம் உண்டு. நடு அரண்மனைக்காரர் கரையில் நின்று, ஒரு துண்டைக் கண்மாய்த் தண்ணீரில் நனைத்து, முங்கப் போகிறவர் தலையில் கட்டிவிட்டு, "நீ முங்கு, உம் பிள்ளைகளுக்கு நாங்க இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். முங்குகிறவர் "சரிங்கய்யா" என்றுவிட்டு இறங்குவார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தேங்காய் உடைப்பதுபோல அதுவும் ஒன்று. தர்மராஜ் ஒரு வருஷம் போனில் பேசிக்கொண்டே சொன்னார். இன்னொரு வருஷம் வர முடியாமல் கணக்குப்பிள்ளையை அனுப்பிச் சொல்லவைத்தார். அதற்கும் யாரும் குறை சொல்லவில்லை.

இந்த வருஷம் கரை கொள்ளாத கூட்டம். தர்மராஜ் துண்டை நனைத்துப் பிழிந்தார். தங்கசாமி குனிந்து நின்றார். முடிச்சுப் போட்டாகிவிட்டது. "நீ முங்கு" என்றார் தர்மராஜ். "உம் பிள்ளைகளுக்கு..."

அங்கே நின்றுபோனார்.

பூமயிலுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சிலிர்த்தது. இவன் மக்களுக்கு! கல்லில் பொரிந்துபோன வரி அதுதான். கல் மறந்ததை வாய்கள் மறக்கவில்லை. ஊர் கொடுத்த வாக்கு. ஊரிடமிருந்து நிலத்தோடு சேர்ந்து யார் யார் கைக்கோ போய், கடைசியில் அரண்மனைக்கு வந்திருக்கிறது. சொன்னவர்களுக்கும் அர்த்தம் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் எழுநூறு வருஷமாக ஒரு மார்கழிகூடத் தவறாமல் அதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆண்டவனே, இது என்ன அதிசயம் என்று அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

தர்மராஜுக்கும் அது புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. தங்கசாமியின் தலைத் துண்டிலிருந்து தண்ணீர் முதுகில் வழிந்தது. வாடைக்காற்றில் அவர் உடம்பு நடுங்கியது. அப்போதும் அவர் நிமிரவில்லை.

பூமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அரண்மனைக்காரர் முன்னால் அவள் இதுவரை இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. ஆனாலும் குரல் தெளிவாக வந்தது.

"அய்யா, சொல்றதுன்னா நெசமாச் சொல்லுங்க. சும்மா வழக்கத்துக்குச் சொல்றதா இருந்தா வேணாம். அவரு துண்ட அவுத்து வச்சுட்டு வீட்டுக்கு வந்துருவாரு. நாங்க யாரையும் ஒன்னும் சொல்ல மாட்டோம்."

தர்மராஜ் தண்ணீருக்குள் நின்ற இரண்டு தூண்களையும் பார்த்தார். அடுத்து கரைக்குக் கீழே, மஞ்சள் கற்களுக்கு நடுவே வாடிக் கிடந்த பயிரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தங்கசாமியின் தோளில் கை வைத்தார்.

"நீ முங்கு தங்கசாமி. உம் பிள்ளைகளுக்கு நாங்க இருக்கோம்." கரையில் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "உதிரப்பட்டிய நான் விக்கல. எழுத வேண்டியத உங்க பேருக்கே எழுதிருவோம். இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்றேன்."

பிறந்ததிலிருந்து உதிரிப்பட்டி என்றே சொல்லிப் பழகிய வாய் அது.

தங்கசாமி நிமிர்ந்தார். வழக்கமான "சரிங்கய்யா"வைச் சொல்லவில்லை. கூட்டத்தில் பூமயிலைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் இறங்கினார். நீந்திப் போய்த் தூணைப் பிடித்து, மூச்சை இழுத்து, உள்ளே போனார். தண்ணீர் மூடிக்கொண்டது.

கரைக்கு அடியில் முதலில் ஒரு உறுமல் கேட்டது. பிறகு வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் பாய்ந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பிள்ளைகள் வாய்க்காலோடு சேர்ந்து ஓடினார்கள். தர்மராஜ்கூட அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூமயில் மட்டும் திரும்பவில்லை. தூண்களுக்கு நடுவே இருந்த கொஞ்சம் தண்ணீரை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தூம்பனின் பெண்டாட்டியும் இந்தக் கரையில்தானே நின்றிருப்பாள் என்ற நினைப்பை அவளால் தள்ள முடியவில்லை.

தண்ணீர் கலங்கியது. நனைந்த துண்டு கட்டிய தலை மேலே வந்தது.

அப்போதுதான் பூமயில் அழுதாள்.